15 ஜிபி-யும் ஒரு தோல் கணக்கும்: ஜிமெயில் நிரம்பினா எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

இந்த வாரத் தலைப்பு கொஞ்சம் சப்பையானதுதான், முன்னாடியே சொல்லிடறேன். ஏ.ஐ. பத்திப் பேசச் சொல்லிக் கேட்டவங்க இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு ஜிமெயில் ஸ்டோரேஜ். இன்பாக்ஸ் மேல ஒரு பட்டை வந்து "92% நிரம்பிடுச்சு"ன்னு சொல்லுதே, நீங்களும் மாசக்கணக்கா அந்தப் பெருக்கல் குறியை அமுக்கி அமுக்கி மூடிட்டு இருக்கீங்களே, அதேதான்.

இந்த எபிசோடை பைக்ல போகும்போது கேக்காதீங்க. லேப்டாப் முன்னாடி உக்காந்து கேளுங்க, வேலை இருக்கு.

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2004 ஏப்ரல் 1 அன்னைக்கு கூகுள் ஜிமெயிலை அறிவிச்சப்போ நிறைய பேர் அதை ஏப்ரல் ஃபூல் ஜோக்னு நினைச்சாங்க. காரணம், 1 ஜிபி இலவசம்னு சொன்னாங்க. அப்போ ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி, யாஹூ கொடுத்தது 4 எம்பி. ரெண்டு போட்டோ வந்தா பெட்டி நிரம்பிடும், தினம் உக்காந்து அழிக்கணும். ஜிமெயில் வந்து, "இனிமே நீங்க எதையும் அழிக்கவே வேண்டாம், தேடிக்கோங்க, போதும்"னு சொல்லுச்சு. ஆரம்பத்துல டெலீட்டுன்னு ஒரு பட்டன்கூட வெளிய இல்ல, ஒரு மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. 2005-ல 2 ஜிபி. 2012-ல 10 ஜிபி. 2013 மே மாசம் மெயில், டிரைவ், போட்டோ எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி 15 ஜிபி-ன்னாங்க.

அந்த 15 அப்புறம் ஏறவே இல்ல. 2013-ல உங்ககிட்ட இருந்த போன் எது, அதோட கேமரா எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நான் அப்போ ஸ்கூல்ல இருந்தேன், என்கிட்ட போனே இல்ல. கேமரா வளந்துச்சு, வீடியோ வளந்துச்சு, பெட்டி அதே சைஸ். அதோட பெட்டிக்குள்ள வந்து சேர்ற சாமான் வேற கூடிட்டே போச்சு. 2021 ஜூன் 1 வரைக்கும் கூகுள் போட்டோஸ்ல "ஹை குவாலிட்டி"யில ஏத்தின படம் எதுவும் கணக்குல வராது, அன்னைலேருந்து வர ஆரம்பிச்சுது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் ரொம்ப நாள் கணக்குல வராம இருந்துச்சு. 2023 கடைசியில அறிவிச்சு, 2024-லேருந்து அதையும் இந்த 15-லயே சேத்துட்டாங்க. யாரோ நம்ம வீட்டு அலமாரியில வந்து அவங்க துணியை அடுக்கின மாதிரி.

"சரி ப்ரோ, நிரம்பினா நிரம்பட்டுமே, என்ன ஆகிடப் போகுது?"ன்னு கேக்கறவங்களுக்காகத்தான் எங்க மாமா கதையைச் சொல்லப் போறேன்.

மாமான்னா அம்மாவோட தம்பி. வாணியம்பாடியில தோல் வியாபாரம். பெரிய டேனரி ஓனர்னு நினைச்சுக்காதீங்க. க்ரஸ்ட் வாங்குவாரு, அதாவது பதனிட்டுக் காய வெச்ச, இன்னும் ஃபினிஷிங் ஆகாத தோல். அதை ஜாப் ஒர்க்குல கொடுத்து, கலர் ஏத்தி, ஃபினிஷ் பண்ணி அனுப்புவாரு. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இந்தப் பாலாத்தோரம் முழுக்க இவரை மாதிரி ஆளுங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க. ஒரு ரூம், ஒரு மேஜை, சுவத்துல தொங்கற தோல் துண்டுங்க, ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்பெனி பேர்ல தனி டொமைன் எல்லாம் கிடையாது. விசிட்டிங் கார்டுல பாத்தீங்கன்னா கம்பெனி பேரு, அதுக்குப் பின்னாடி லெதர்ஸ், அட் ஜிமெயில் டாட் காம். உலகத்தின் அந்தப் பக்கத்துல இருக்கற பையர் அந்த முகவரிக்குத்தான் ஆர்டர் அனுப்பறான்.

மாமாவோட அக்கவுண்ட் 2010-ல ஆரம்பிச்சது. போன வருஷம் ஒரு வாரம் அது நிரம்பி நின்னுச்சு. அவருக்குத் தெரியல, ஏன்னா அந்த மஞ்சள் பட்டையை அவரும் மூடிட்டே இருந்தாரு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம். பெட்டி நிரம்பினதும் உங்களால மெயில் அனுப்ப முடியாது, அது உங்களுக்கே தெரிஞ்சிடும். ஆனா உங்களுக்கு வர்ற மெயிலும் உள்ள வராது, அனுப்பினவருக்கே திரும்பிப் போயிடும். "இந்த முகவரியில இடம் இல்ல"ன்னு ஒரு தகவல் போகும். யாருக்கு? அனுப்பினவருக்கு. உங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சுங்கறதே உங்களுக்குத் தெரியாது. போஸ்ட்மேன் வந்து, கதவு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போனா, ஒரு சீட்டாவது செருகிட்டுப் போவாரு. இங்க அந்தச் சீட்டும் கிடையாது.

பையர் ஒரு ஆர்டர்ல ஷேடை மாத்தி மெயில் போட்டிருக்கான். டார்க் பிரவுன் வேண்டாம், டான் வேணும்னு. மெயில் திரும்பிப் போயிருக்கு. அங்க இருக்கற ஜூனியர் பொண்ணோ பையனோ அந்தத் திரும்பி வந்த மெயிலைக் கவனிக்கல. இங்க பழைய கன்ஃபர்மேஷனை வெச்சு டிரம்முல டார்க் பிரவுன் ஓட்டிட்டாங்க. தோல் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லவே வேணாம், வெளிர் கலரை அடர் ஆக்கலாம், அடர் கலரை வெளிர் ஆக்க முடியாது. கடைசியில அதுமேலயே கறுப்பு ஏத்தி, ஸ்டாக் லாட்டா கிடைச்ச விலைக்குத் தள்ளினாரு. எவ்வளவு போச்சுன்னு அவர் சொல்லல, நானும் கேக்கல. அத்தை மட்டும், "வளையல் ரெண்டு பேங்குல இருக்குதுப்பா"ன்னு சொன்னாங்க.

இதுல மெயில் கம்பெனியையோ பையரையோ குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. உலகத்துல எந்த மெயில் பெட்டியும் நிரம்பினா இப்படித்தான் நடந்துக்கும். நான் சொல்ல வர்றது, இது போட்டோ ஆல்பம் நிரம்பற மாதிரி விஷயம் இல்லைங்கறது. உங்க கேஸ்ல அது இன்டர்வியூ கடிதமா இருக்கலாம், வீசா அப்பாயின்ட்மென்ட்டா இருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில நான் பெங்களூர்லேருந்து ரயிலேறிப் போனேன். மாமா சொன்ன முதல் வார்த்தை, "இன்னா மாப்ள, எல்லாத்தையும் அழிச்சிடு, 2020-க்கு முன்னாடி இருக்கறது எதுவும் வேணாம்."

இதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணற ஐடியா. பழசை அழிச்சா இடம் வரும். ரெண்டு காரணத்துக்காக வேணாம்னு சொன்னேன்.

முதல் காரணம் சட்டம். ஜிஎஸ்டி சட்டத்துல கணக்குப் புத்தகம், பில் எல்லாத்தையும், அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலேருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். உதாரணமா, 2023-24 நிதியாண்டுக்கு ரிட்டர்ன் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அதனால 2030 டிசம்பர் 31 வரைக்கும் அந்த பில் உங்ககிட்ட இருக்கணும். அப்பீல், வழக்குன்னு ஏதாவது ஓடிட்டிருந்தா இன்னும் நீளும். மாமாவோட பில்லு, பேக்கிங் லிஸ்ட்டு, ஷிப்பிங் பில் காப்பி எல்லாம் எங்க இருக்கு? மெயில்ல. வேற எங்கயும் இல்ல. அப்புறம் டெஸ்ட் ரிப்போர்ட். தோல்ல குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல இருந்தா, தோல்ல படற மாதிரியான லெதர் பொருளை ஐரோப்பிய யூனியன்ல விக்க முடியாது. 2015 மே 1-லேருந்து அந்த விதி. அதனால லேப் ரிப்போர்ட்டை பையர் எப்ப வேணா திருப்பிக் கேப்பான், சரக்கு போய் ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடக் கேப்பான். அதுவும் மெயில்லதான்.

ரெண்டாவது காரணம் கணக்கு. பழசை அழிச்சா இடம் வரும்னு யார் சொன்னா? எது இடத்தை அடைக்குதுன்னு முதல்ல பாக்கணும். கூகுள் ஒன்-ல ஸ்டோரேஜ் பக்கம் போனா மூணாப் பிரிச்சுக் காட்டும். மாமாவோட 14.9 ஜிபி-ல மெயில் 9.1, போட்டோஸ் 3.6, டிரைவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்து 2.2.

மெயில் எண்ணிக்கை சுமார் 41,000. சாதாரண எழுத்து மெயில் ஒண்ணு சில கேபி-தான் இருக்கும். படம் போட்ட விளம்பர மெயில்னா 75 கேபி-ன்னு வெச்சுக்கோங்க. அப்படி 10,000 மெயில் அழிச்சாலும் 750 எம்பி-தான் கிடைக்கும். 10 எம்பி மெயில் 100 அழிச்சா 1 ஜிபி. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்காந்து ஸ்விக்கி, நௌக்ரி, கூப்பன் மெயிலா அன்சப்ஸ்கிரைப் பண்றவங்களைப் பாத்திருக்கேன். மனசுக்கு நல்லது, பண்ணுங்க. ஸ்டோரேஜுக்குப் பெருசா உதவாது.

இப்போ தேடல் பெட்டிக்கு வாங்க. போன் ஆப் வேண்டாம், பிரவுசர்ல ஜிமெயிலைத் திறங்க. இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிச்சு, ஒரு கோலன், இடைவெளி விடாம 10எம். என்டர். 10 எம்பி-க்கு மேல இருக்கற மெயில் எல்லாம் வரிசையா நிக்கும். நிறைய பேர் வாழ்க்கையிலேயே முதல் தடவையா இந்த லிஸ்ட்டைப் பாப்பாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பிபிடி, அதையே "ஃபைனல்", "ஃபைனல் 2", "ரியல் ஃபைனல்"னு நாலு தடவை நண்பனுக்கு அனுப்பினது, எப்பவோ ஒரு கல்யாணத்துல எடுத்த போட்டோ ஜிப்.

மாமாவுக்கு வேற ஒரு ஆச்சரியம் இருந்துச்சு. இன்பாக்ஸ்ல பெரிய மெயில் அவ்வளவா இல்ல. நான் தேடல்ல இன் கோலன் சென்ட்-னு சேத்தேன். அதாவது, நாம அனுப்பினது மட்டும். கூடவே லார்ஜர் கோலன் 5எம், ஓல்டர் அண்டர்ஸ்கோர் தேன் கோலன் 1ஒய், ஒரு வருஷத்துக்கு முந்தினது. 612 மெயில் வந்துச்சு. சராசரி 7 எம்பி. கிட்டத்தட்ட 4.3 ஜிபி. 41,000 மெயில்ல வெறும் 612, ஆனா மெயில் இடத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி.

நாம அனுப்பற மெயிலும் நம்ம கணக்குலதான் ஏறும்ங்கறது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. மாமா பண்றது என்னன்னா, ஒரு தோலை வெயில்ல விரிச்சு போட்டோ எடுப்பாரு. அதை நாலு பையருக்குத் தனித்தனியா அனுப்புவாரு. நாலு பிரதி. ஒருத்தர்கிட்டேருந்து பதில் வந்ததும் அதை ஃபினிஷிங் யூனிட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணுவாரு, அஞ்சாவது பிரதி. மெயில்ல ஒரு ஃபைலை இணைக்கும்போது அதை எழுத்தா மாத்தித்தான் அனுப்புவாங்க, பேஸ்64-னு பேரு. 3 பைட் இருந்தது 4 எழுத்தா மாறும். அதனால 8 எம்பி போட்டோ மெயிலா போகும்போது 11 எம்பி கிட்ட வீங்கிடும். அதோட நிக்கல. போன்ல எடுத்த படம் தானா கூகுள் போட்டோஸுக்குப் போயிருக்கு. வாட்ஸ்அப்ல ஜாப் ஒர்க் காரருக்கு அனுப்பினதும் பேக்கப்புல உக்காந்திருக்கு. ஒரே ஆட்டுத் தோல், மூணு வாசல் வழியா அதே 15 ஜிபி-க்குள்ள வந்து படுத்திருக்கு.

இதைக் காட்டினதும் மாமா சிரிச்சாரு. "பச்சைத் தோல் வந்தா மொதல்ல உப்பை உதறிட்டுதான ஊறப்போடுவாங்க, இது உப்போட சேத்து ஊறப்போட்ட கதையா கீதே"ன்னாரு. சரியான உதாரணம். அங்க உதறாத உப்பு தண்ணில போய் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தலைவலி. 1996-லயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் வேலூர் டேனரிகளுக்குத் தீர்ப்பு வந்ததும், அப்பவே இருந்த பாலாத்து உப்புக் கதையும் தனி எபிசோடு. இப்போ அந்தப் பக்கம் போகல.

நான் சொன்ன சட்டப் பிரச்னைக்கும் விடை இங்கயே இருக்கு. அந்த 612-ஐ ஓட்டிப் பாத்தா, பில்லும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் அதுல அநேகமா இல்லவே இல்ல. பிடிஎஃப் பில் 100 கேபி, 200 கேபி. அதிகபட்சம் அரை எம்பி. சட்டம் வெச்சிருக்கச் சொல்ற காகிதம் எல்லாம் சின்னது, யாரும் எப்பவும் கேக்கப் போகாத போட்டோதான் பெருசு. அதனால வருஷத்தை வெச்சு அழிக்காதீங்க, எடையை வெச்சு அழிங்க. பாதுகாப்புக்குத் தேடலோட கடைசியில ஒரு மைனஸ் போட்டு, ஒட்டியே ஃபைல்நேம் கோலன் பிடிஎஃப்-னு சேத்துக்கிட்டா, பிடிஎஃப் இருக்கற மெயில் எல்லாம் லிஸ்ட்டுலேருந்து விலகிடும். ஒரே ஒரு ஆபத்து, பில்லையே போன்ல போட்டோ எடுத்து அனுப்பியிருப்பாங்க. மாமாவும் அனுப்பியிருந்தாரு, ஒரு முப்பது நாப்பது. அதுக்குக் குறுக்கு வழி கிடையாது, கண்ணால பாத்துதான் பிரிக்கணும். ஒரு டீ நேர வேலை.

அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இதை எங்கயும் யாரும் சத்தமா சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன். ஜிமெயில்ல கான்வர்சேஷன் வியூன்னு ஒண்ணு இருக்கு, ஒரே தலைப்புல போன வந்த மெயிலை எல்லாம் ஒரு கட்டா காட்டும். அது ஆன்ல இருக்கும்போது தேடல்ல வந்த ஒரு கட்டை டிக் பண்ணி அழிச்சா, கட்டு முழுக்கப் போயிடும். நீங்க தேடினது பெரிய போட்டோ போன ஒரே ஒரு மெயில். அதுகூட "ஓகே, ஆர்டர் கன்ஃபர்ம்டு"ன்னு பையர் எழுதின ரெண்டு வரி மெயிலும் சேந்து போகும். அதனால செட்டிங்ஸ்ல போய் முதல்ல கான்வர்சேஷன் வியூவை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் அழிங்க. முடிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

இன்னும் பதட்டமா இருந்தா கூகுள் டேக்அவுட். உங்க மெயில் எல்லாத்தையும், இல்ல நீங்க தேர்ந்தெடுத்த லேபிளை மட்டும், ஒரே ஃபைலா இறக்கிக்கலாம். எம்பாக்ஸ்னு ஒரு வடிவம், தண்டர்பேர்டு மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல ஒரு ஆட்-ஆன் போட்டுத் திறந்து படிக்கலாம். லிங்க் தயாரானதும் ஒரு வாரத்துக்குள்ள இறக்கிடணும், அப்புறம் காலாவதி ஆயிடும். மாமாவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதுல போட்டுட்டுத்தான் அழிக்கற வேலையிலயே கை வெச்சோம். ஹார்ட் டிஸ்க் இப்போ பீரோவுல, பத்திரத்தோட இருக்கு.

அழிச்சதும் "இன்னும் குறையலையே"ன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க. அழிச்ச மெயில் ட்ராஷ்ல 30 நாள் இருக்கும், அதுவரைக்கும் அதுவும் கணக்குலதான். ட்ராஷ், ஸ்பாம் ரெண்டையும் நீங்களே காலி பண்ணணும். எண்ணிக்கை மாற ஒரு நாள்கூட ஆகலாம். ஆர்க்கைவ் பண்றது, லேபிளை எடுக்கறது, இதுக்கெல்லாம் ஒரு கேபி-கூடக் குறையாது. அது ஒரு அறையிலேருந்து இன்னொரு அறைக்கு நகத்தறது, அவ்வளவுதான்.

மெயில்ல அந்த 4.3 போயி 4.8 ஆச்சு. மிச்ச ரெண்டையும் வேகமா சொல்லிடறேன்.

வாட்ஸ்அப்: செட்டிங்ஸ்ல சாட் பேக்கப் போய் "வீடியோவைச் சேர்க்கவும்"னு இருக்கறதை ஆஃப் பண்ணுங்க. அடுத்த பேக்கப் சின்னதா ஆகிடும். காலை வணக்க வீடியோவுக்கு யாரும் பேக்கப் எடுக்கத் தேவையில்ல. மாமா, அத்தை, பெரியம்மா குரூப் ஆளுங்க யாராவது இதைக் கேட்டா கோச்சுக்காதீங்க.

போட்டோஸ்: இங்க ரெண்டு குழப்பம் ரொம்ப சாதாரணம். ஒண்ணு, ஆப்ல "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு ஒரு பட்டன் இருக்கும். அது காலி பண்றது உங்க போனை, கூகுள் கணக்கை இல்ல. மாறா, ஆப்ல ஒரு படத்தை நேரா அழிச்சீங்கன்னா அது கணக்குலேருந்தும் போகும், போன்லேருந்தும் போகும். ரெண்டாவது, 2021 ஜூனுக்கு முன்னாடி ஹை குவாலிட்டியில ஏத்தின படங்களுக்கு இடமே கணக்கு இல்லன்னு சொன்னேன் இல்லையா? அப்போ அதை அழிச்சாலும் இடம் வராது. காலேஜ் போட்டோவை எல்லாம் கண்ணு கலங்கிக் கலங்கி அழிச்சுட்டு, எண்ணிக்கை அசையாம நிக்கறதைப் பாத்த நண்பன் ஒருத்தன் இருக்கான். அதைத் தொடாதீங்க. அதுக்கு அப்புறம் ஏத்தினதைப் பாருங்க, அதுவும் வீடியோவை முதல்ல. கம்ப்யூட்டர்ல போட்டோஸ் செட்டிங்ஸ் போனா, ஒரிஜினல் சைஸ்ல இருக்கற படத்தைக் கொஞ்சம் சுருக்கி இடத்தை மீட்கற வசதியும் இருக்கு. ஆனா, சுருக்கினதைத் திரும்பப் பழைய தரத்துக்குக் கொண்டுவர முடியாது. மாமாவோட தோல் போட்டோவுக்கு அது போதும். உங்க குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரைவ்ல "என்னுடன் பகிரப்பட்டவை"ல இருக்கறது உங்க இடத்தை எடுக்காது, அது அந்த ஓனர் கணக்கு. அதை நீக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மொத்தத்துல 14.9 இருந்தது 8.1 ஆச்சு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், நடுவுல பிரியாணி பிரேக் உட்பட. இனிமே போட்டோவை இணைக்காம டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு, லிங்க்கை மட்டும் நாலு பேருக்கும் அனுப்பணும்னு பழக்கிவிட்டிருக்கேன். நாலு பிரதிக்கு ஒரு பிரதி. பாதி நாள் பண்றாரு, பாதி நாள் மறந்துடறாரு.

"காசு கட்டி இடம் வாங்கிட்டா என்ன?"ன்னு ஒரு கேள்வி வரும். 100 ஜிபி, மாசம் 130 ரூபாய். பிசினஸ் நடத்தறவங்க கட்டலாம்ங்கறதுதான் என் கருத்து, மாமாவையும் கட்டச் சொன்னேன். தொழிலோட ஆவணம் முழுக்க இருக்கற ஒரு அறைக்கு 130 ரூபாய் வாடகை அதிகம் இல்ல. ஆனா மாசச் சம்பளத்துல இருக்கற நம்ம மாதிரி ஆளுங்க, அந்த லார்ஜர் கோலன் 10எம்-ஐ ஒரு தடவைகூட அடிச்சுப் பாக்காம காசு கட்டாதீங்க. கட்ட ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம். 40 ஜிபி நிரப்பிட்டு நிறுத்தினீங்கன்னா, 15-க்கு மேல இருக்கற நிலை ஆகிடும். மெயில் வர்றது போறது நிக்கும். அப்படியே ரெண்டு வருஷம் விட்டா உள்ள இருக்கறதை அழிக்கக் கூகுளுக்கு உரிமை இருக்கு, 2021-லேருந்து அது அவங்க விதி.

கடைசியா, அத்தை கேட்ட ஒரு கேள்வி. அவங்க ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனிக்குப் பத்து வருஷமா பஸ்ல போயிட்டு வர்றாங்க. அவங்க லைன்ல இருக்கற பொண்ணுங்க நிறைய பேருக்கு ஜிமெயில் ஐடி இருக்கு, ஆனா அதை உருவாக்கினது பிரவுசிங் சென்டர் அண்ணன். பி.எஃப்.புக்கோ, பையனோட ஸ்காலர்ஷிப் ஃபார்முக்கோ ஒரு மெயில் ஐடி தேவைப்பட்டுச்சு, அவரே ஒண்ணு போட்டுக் கொடுத்துட்டாரு. பாஸ்வேர்டு ஒரு பழைய நோட்டுல இருக்கும், இல்ல அதுவும் இருக்காது. "அதெல்லாம் என்னாவும்ப்பா?"ன்னு கேட்டாங்க.

அந்த அக்கவுண்ட் நிரம்பாது. அதுல வேற பிரச்னை. ரெண்டு வருஷம் யாரும் உள்ளயே போகலைன்னா, அந்த அக்கவுண்ட்டையே நீக்கலாம்னு கூகுள் 2023 மே மாசம் அறிவிச்சு, அந்த வருஷம் டிசம்பர்லேருந்து அமல்படுத்தியிருக்கு. போன்ல அதே ஐடி-யில லாகின் பண்ணி யூடியூப் பாத்தாலோ, ப்ளே ஸ்டோர்ல எதையாவது இறக்கினாலோ போதும், உயிரோட இருக்குன்னு கணக்கு. ஆனா இந்த ஐடி எதுவும் எந்தப் போன்லயும் இல்ல. போன்ல இருக்கறது கடைக்காரர் புதுசாப் போட்டுக் கொடுத்த வேற ஐடி.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுத் திண்ணையில ஆறு பேர் போனோட வந்து உக்காந்துட்டாங்க. நாலு பேரோட பழைய ஐடி-க்குள்ள போக முடிஞ்சுது, ரெக்கவரி நம்பரா அவங்க இப்போ வெச்சிருக்கற நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தங்களோடது பிரவுசிங் சென்டர்காரரோட நம்பர்ல மாட்டிட்டு இருந்துச்சு, அவரைப் போன்ல பிடிச்சு ஓடிபி வாங்கினோம். நல்ல மனுஷன், உடனே சொல்லிட்டாரு. இன்னொருத்தங்களோடது திறக்கவே இல்ல. கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட சொல்லி, பி.எஃப். கணக்குல மெயில் ஐடி-யை மாத்தற வழியைக் கேக்கச் சொல்லியிருக்கேன்.

நீங்க ஊருக்குப் போகும்போது உங்க அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா போனை வாங்கி, ரெக்கவரி நம்பர் யாரோடதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். அடுத்த வாரம், ரொம்ப பேர் கேட்ட அந்த ஏ.ஐ. எபிசோடு. சந்திப்போம்.